நாரைத் திட்டும் என் கல்யாண மேளமும்

என் கல்யாணத்துக்கு மேளம் கிடையாது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரிக் கரையில். ஆற்றின் நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு திட்டு. கார்த்திகை பிறந்தால் நாரைகள் அங்கே வந்து கூடு கட்டும். குஞ்சுகள் பறக்கிற வரைக்கும் ஊருக்குள் மேளம் கூடாது, வேட்டுக் கூடாது, திட்டில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது. சத்தத்தில் நாரை எழும்பினால் காக்கைக்குக் கொண்டாட்டம். முட்டையும் மிஞ்சாது, குஞ்சும் மிஞ்சாது. அதனால் கல்யாணங்களை வைகாசிக்குத் தள்ளிவிடுவார்கள். மாமனார் படுத்த படுக்கையாக இருந்ததால் என்னுடையதைத் தையிலேயே முடிக்க வேண்டியதாயிற்று.

தாலி ஏறும்போது மட்டும் கெட்டிமேளம் வேண்டுமென்று அண்ணனிடம் கெஞ்சினேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், எப்போதும் சிவப்புத் தலைப்பாகையோடு பரிசல் ஓட்டுகிறவர். திட்டுக்கு ஊர் வைத்த காவலும் அவர்தான்.

"ஒரு நாள்தானுங்கண்ணா."

"இன்னைக்கு உனக்குன்னு உட்டா நாளைக்கு இன்னொருத்தன் வருவான் சாமி. வாயில்லாச் சீவனுக்கு நம்மள உட்டா ஆரு?"

அழுதேன். பிறகு அண்ணனை நினைத்து எனக்கே பெருமையாகவும் இருந்தது. தாலி ஏறியபோது வளையல் சத்தம்தான் கேட்டது. "இது கல்யாண ஊடா, எழவு ஊடா?" என்றாள் திருச்செங்கோட்டிலிருந்து வந்த மாமியாரின் தங்கை. "எங்கண்ணன் சொன்னாச் சொன்னதுதானுங்க" என்று மணையில் உட்கார்ந்தபடியே சொன்னேன். புதுப்பெண் வாயாடுகிறாள் என்று அதற்கும் ஒரு பேச்சு.

மேட்டூர் அணை வந்த பிறகு அதைப் பார்க்கக் கிளம்புகிற சேலத்து ஆட்கள் மோட்டாரை எங்கள் பக்கமும் திருப்பினார்கள். வராதே என்றால் பகை; வா என்றால் திட்டு பாழ். ஊர் கூடியபோது அண்ணன்தான் வழி சொன்னார்: தூரத்திலேயே பரிசலில் ஒரு சுற்று காட்டலாம், திட்டில் இறக்கக் கூடாது. கற்பூரம் அடித்துச் சத்தியமும் செய்தார்.

அடுத்த தையில் பொங்கலுக்குப் பிறந்த வீடு வந்திருந்தபோது ஒருநாள் துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஆற்றுக்கு நடுவிலிருந்து நாயனமும் தவிலும் கேட்டன. நிமிர்ந்தால் நாரைகள் மொத்தமும் வானத்தில். திட்டில் ஜமக்காளம் விரித்து ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவரின் சிவப்புத் தலைப்பாகை கரையிலிருந்தே தெரிந்தது. காக்கைகள் கூடு கூடாக இறங்கின. நான் போட்ட கூச்சல் யார் காதிலும் விழவில்லை.

பொழுது சாயும்போது அண்ணன் அவர்களைக் கரைக்குக் கொண்டுவந்து இறக்கினார். செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடைக் குடும்பமாம். அத்தனை நேரம் நாயனம் வாசித்த அவர்களுடைய கிராமபோன் பெட்டியைத் தலையில் சுமந்து மோட்டாரில் ஏற்றிவிட்டுத் திரும்பினார். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணுனீங்க?"

"பெரிய எடத்து மனுசங்க ஆசப்பட்டாங்க, தட்ட முடியல. ஒரு நாள்தான சாமி."

"நானும் ஒரு நாள்தானுங்களே கேட்டேன்."

அவர் பரிசலைக் கவிழ்த்துப் போட்டார்.

அடுத்த இரண்டு கார்த்திகையிலும் நாரைகள் வரவில்லை. அதற்கடுத்த தையில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். கலைவதற்குத்தான் திட்டில் ஒன்றும் இல்லையே. இரண்டு ஜோடி மேளம் வைத்தார். அத்தைக்காரி என்று என்னை மணமேடை ஓரமாக நிறுத்தினார்கள். தாலி ஏறும்போது கெட்டிமேளம் கொட்டினார்கள். எல்லோரும் அரிசி தூவினார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.