கப்பலில் ஒன்பது வயது குறைந்தவள்

போட்டோகொப்பி மெஷினில் இருந்து சுடச்சுட வழுக்கி விழும் தாளுக்கு ஒரு மணம் உண்டு. கருகியும் கருகாத மணம். அது மூக்கில் ஏறினால் எனக்கு இரண்டு இடங்கள் ஒன்றாக ஞாபகம் வரும். ஒன்று, கொழும்பில் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரரின் பின்னறை. மற்றது, மெல்பேர்னில் ரோவிலுக்குக் கிட்டவுள்ள நூலகம். முதலாவதில் நான் பொய்யானேன். இரண்டாவதில் பிடிபட்டேன். பிடித்துக் கொடுத்தவளும் நான்தான்.

நூலகத்துக்கு என்னை இழுத்துப் போனவர் என் சம்பந்தி. மகளைக் கட்டிய பையனின் தாய். முதுகுவலியால் முன்கூட்டியே ஓய்வெடுத்த தாதி, ஐரிஷ் வம்சம். அவர் பேசுவது அசல் ஒஸ்ரேலிய இங்கிலீசு. ஆனால் சம்பந்தி என்று முறை வந்த நாளிலிருந்து என் காதுக்குள் அவர் யாழ்ப்பாணத்தில்தான் கதைக்கிறார். கேட்டபடியே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் முன்னோர் வரிசையில், அந்தக் காலம் கப்பலில் நாடுகடத்தி அனுப்பிய ஒரு கைதி அகப்பட்டால் கேக் வெட்டுவார்கள். ஆட்டுக்கள்ளன் என்றால் இன்னும் விசேஷம், சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். எங்கள் குடும்பங்களில் ஓர் ஆட்டுக்கள்ளன் அகப்பட்டால் மூன்று தலைமுறைக்குக் கலியாணம் பேச ஆள் வராது. சம்பந்திக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அவருடைய பாட்டியின் பாட்டி ஒன்றும் திருடவில்லை. பஞ்சம் தின்று துப்பிய ஊரிலிருந்து, அரசாங்கச் செலவில், இருபது வயது தாண்டாத பெண்களை மட்டும் ஏற்றிய கப்பலில், வீட்டு வேலைக்கென்று சிட்னிக்குப் போனவள். பிறகு மெல்பேர்னுக்கு நகர்ந்து, கட்டி, பெற்று, செத்தவள்.

வெள்ளிக்கிழமை சம்பந்திக்கு அயர்லாந்து விமானம். அங்கே மேற்குக் கரையில் ஒரு பண்ணை, பண்ணையில் ஒரு கிழவர். நீங்கள் எங்கள் ஆள்தான் என்றால் வாருங்கள், கப்பலேறிய பெண்ணின் தாயைப் புதைத்த இடத்தைக் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தார். ‘என்றால்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் புதன்கிழமை மத்தியானம் நாங்கள் நூலகத்தில் குந்தியிருந்தோம்.

அங்கே வம்சம் தேடுபவர்களின் குழு ஒன்று கூடும். அதன் தலைவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். காதில் பென்சில், வாழ்க்கையில் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்காத முகம். அவரும் வெள்ளைக்காரர்தான்; சம்பந்தியோடு கதைத்ததால் அவரும் என் காதுக்குள் யாழ்ப்பாணத்துக்கு மாறிவிட்டார்.

“கப்பல் பட்டியலில இவளுக்கு இருபது வயசு. அந்த ஊர்க் கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தின்படி பாத்தா இருபத்தொன்பது. ஒன்பது வருசம் இடிக்குது. இது வேற பொம்பிளை,” என்றார்.

“தகப்பன்ர பேர் ஒண்டு, தாயின்ர பேர் ஒண்டு, ஊரும் ஒண்டு,” என்றார் சம்பந்தி.

“அங்க ஒரு கல்லைப் பிரட்டினா அந்தப் பேரில பத்துப்பேர் எழும்பி வருவினம்.”

“இவள் செத்த பத்திரத்தில வயசு ஞானஸ்நானப் புத்தகத்தோட சரியா இருக்கே?”

“சாவுப் பத்திரத்தில வயசு எப்பவும் பிழைதான். துக்கத்தில ஆர் எண்ணிப் பாக்கிறது?”

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், கைப்பேசியை எடுத்தார்.

“கிழவருக்கு நான் வரேல்லை எண்டு எழுதிப்போடுறன். பிழையான கல்லறைக்கு முன்னால நிண்டு அழ எனக்கு வெக்கம்.”

அவர் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்ட, நான் மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தேன். கப்பல் பட்டியல். தகப்பன் இல்லை, தாய் உயிரோடு. வாசிப்பாள், எழுத மாட்டாள். எல்லாம் உண்மை, வயதைத் தவிர. பார்க்கப் பார்க்க அந்தக் கைவேலை எனக்குப் பழக்கமானதாகத் தெரிந்தது. ஒரே தொழிலைச் செய்த இரண்டு பேர் சந்தைக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பது போல.

“தங்கச்சி, ஒரு பொய்தான். மிச்சமெல்லாம் உண்மையா இருக்கட்டும். ரெண்டு பொய் சொன்னா அதுகள் தங்களுக்குள்ள சண்டை பிடிச்சு ஆளைக் காட்டிக் குடுத்திடும்,” என்றார் அந்த நாளில் கொழும்பு ஏஜென்சிக்காரர். முன்னரே மெல்பேர்னுக்கு வந்துவிட்ட அப்பாவின் படிவத்தில் நான் ‘தங்கி வாழும் பிள்ளை’. பத்தொன்பது என்றால் படிவம் நடக்கும், இருபத்துநான்கு என்றால் படுத்துவிடும். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் ஒரே ஒரு இலக்கத்தைத் திருத்தி, போட்டோகொப்பி அடித்து, கொப்பியை மறுபடி கொப்பி அடித்தார். இருபத்துநான்கு வயதுக்காரி உள்ளே போய்ப் பத்தொன்பதாக வெளியே வந்தாள், சூடாக.

உலகத்துப் பெண்கள் எல்லோரும் வயதைக் குறைத்துச் சொல்கிறார்கள். நான் மட்டும் அரசாங்க முத்திரையோடு குறைத்தேன். மகள் எனக்கு ஐம்பதாவது பிறந்தநாள் என்று மண்டபம் பிடித்தபோது எனக்கு ஐம்பத்தைந்து. முழங்கால் உண்மையைக் கத்தியது, மெழுகுதிரி பொய்யைக் கத்தியது. அப்பாவும் போன பிறகு விஷயம் தெரிந்த ஒரே சீவனான என் புருஷன் எல்லாப் படங்களிலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். இத்தனை வருடம் வாய் திறக்காததற்கு வெட்கம் காரணமல்ல. யாராவது வந்து, தந்ததைத் திருப்பித் தா என்று குடியுரிமையைக் கேட்பார்களோ என்ற பயம்.

சம்பந்தியின் விரல் கடைசி வரிக்கு வந்துவிட்டது.

“அனுப்பாதேங்கோ. இது அவள்தான்,” என்றேன்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் அளவையாளர்.

“நானும் அப்பிடித்தான் வந்தனான். என்ர பாஸ்போட்டில இருக்கிறவளைவிட நான் அஞ்சு வயசு மூப்பு.”

மூலையில் நூலகத்துப் போட்டோகொப்பி மெஷின் சுடச்சுட ஒரு தாளைத் துப்பியது. விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். “கப்பல்காரனுக்குச் சொன்னது பொய். கட்டினவனுக்கும் பொய், கலியாணப் பதிவிலயும் அதே குறைச்ச வயசுதான். ஆனா இந்தச் சாவுப் பத்திரத்தில தகவல் குடுத்தவ ஆர்? மகள். மகளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லிப்போட்டுத்தான் செத்திருக்கிறாள். துக்கத்தில வந்த பிழை எண்டா, ஞானஸ்நானப் புத்தகத்தோட வந்து அச்சொட்டாப் பொருந்துமோ?”

அளவையாளரின் பென்சில் காதிலிருந்து இறங்கியது. என் பெயரை எழுதப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, பட்டியலின் ஓரத்தில் தான் போட்டிருந்த கேள்விக்குறியை அழித்தார். துகளை ஊதினார்.

சம்பந்தி எழுதியதை அழிக்கத் தொடங்கி, பாதியில் நிமிர்ந்தார்.

“பொறுங்கோ. அப்ப நீங்கள் என்னைவிட மூப்போ?”

“ஓம். ரெண்டு வயசு.”

“ஆறு வருசமா நான்தான் மூத்தவள் எண்டு உங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறன். ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!” சிரிக்கத் தொடங்கியவர், திடீரென்று சிரிப்பை அடக்கினார். “உங்கட மகளுக்குத் தெரியுமோ?”

தெரியாது. நாளை நான் விழுந்தால் என் சாவுப் பத்திரத்திலும் பாஸ்போட்டுக்காரியின் வயதுதான் ஏறும். மகளுக்குச் சொல்லுவதில் அந்த ஐரிஷ்காரி செத்தும் என்னை முந்திக்கொண்டுவிட்டாள் என்று எரிச்சலாக இருந்தது.

அன்று மாலை மகளின் குசினியில் வைத்துச் சொன்னேன். அவள் கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

“சோ, அந்த ஃபிஃப்டியத் கேக்?”

“அம்பத்தஞ்சு, பிள்ளை.”

“வேற என்னெல்லாம் பொய், அம்மா?”

“வேற ஒண்டுமில்லை. ஒண்டே ஒண்டுதான்.”

அணைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். “அப்ப ஃபிஃப்டியில செய்யிற உங்கட ஸ்க்ரீனிங் டெஸ்ட் எல்லாம் ஃபைவ் இயர்ஸ் லேட்!” என்று கத்தி, அந்த இடத்திலேயே டொக்டருக்குத் திகதி பிடித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கணக்கில் சேர்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில், பயணிகள் மட்டும் என்று எழுதிய கதவுக்கு முன்னால், சம்பந்தி கைப்பையை மாற்றி மாற்றித் தோளில் போட்டார். தாள்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், நெஞ்சோடு.

“கிழவர் கேப்பார், என்னத்துக்கு வயசைக் குறைச்சவள் எண்டு. பயத்தில எண்டு சொல்லவோ?”

“பயம் பிறகு வந்தது,” என்றேன். “ஊரை விட்டு வெளிக்கிடுற அவசரத்தில எண்டு சொல்லுங்கோ.”