வெயிலில் காயப்போட்ட இசைத்தட்டுகள்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் என் கையாலேயே எழுதுவேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஓமான் நாட்டுச் சலாலாவில் நர்ஸாக இருந்த என் கடைசி மகள் தலைச்சன் பிள்ளையைச் சுமந்து ஆறு மாதம். நான் விசிட் விசாவில் போயிருந்தேன். பிரசவம் வரை நான் நிற்கவேண்டுமானால் மருமகன் தன் கஃபீலை, அதாவது வேலை கொடுத்த அரபியைப் பார்த்துப் பேசி விசாவை நீட்டவேண்டும். பேசுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

மருமகனுக்கு உயிர், பதினோரு இசைத்தட்டுகள். கப்பலில் வேலை பார்த்த அவருடைய அப்பா துறைமுகம் துறைமுகமாக வாங்கிச் சேர்த்தவை. எல்லாம் ஒரே ஆள் பாடியது. ராக் அண்ட் ரோல் பாட்டு தொடங்கிய காலத்து ஆளாம். எனக்கு அட்டைப்படம்தான் அடையாளம். ஒன்றில் கிட்டாரோடு இடுப்பை ஒடித்து நிற்பான். ஒன்றில் பட்டாள உடுப்பு. இன்னொன்றில் நல்ல பிள்ளையாகக் கைகட்டி நிற்பான், அது முழுக்க மாதாகோயில் பாட்டு. அங்கே விடுமுறை வெள்ளிக்கிழமைதான்; பூசை முடிந்து வந்ததும் இடுப்பொடித்தவன்தான் முதலில் சுழலுவான்.

"இந்த ஆட்டம் ஆடுறவனா கோயில் பாட்டும் பாடுறான்?" என்பேன்.

"பாவம் செஞ்சாத்தான மாமி மன்னிப்புக் கேக்க முடியும்" என்பார் மருமகன்.

சலாலாவில் ஆடி ஆவணி முழுக்கத் தூறலும் பனிமூட்டமும். அது விலகியபோது தட்டுகளில் பூஞ்சை பூத்திருந்தது. எங்கள் தூத்துக்குடிக் கரையில் மழை விட்டதும் வீட்டில் உள்ள அத்தனையும் வெயிலுக்கு வந்துவிடும். இருவரும் டியூட்டிக்குப் போன பிறகு தட்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மொட்டைமாடியில் பாய் விரித்துப் பரப்பினேன். கருவாட்டைப் புரட்டுவதுபோல ஒரு தடவை புரட்டியும் போட்டேன். கொடியில் கிடந்த சேலையின் நிழலில் பத்துத் தட்டுகள் தப்பின. இடுப்பொடித்தவன் மட்டும் பொரித்த அப்பளமாக வளைந்துபோனான்.

மருமகன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்கப்பா கை பட்டது மாமி. என்ன செஞ்சு வச்சிருக்கிய! விசா முடிஞ்சதும் ஊருக்குப் போங்க. கலாஸ், அவ்வளவுதான்."

மகள் அழுதாள். "ஒரு மன்னிப்புக் கேளேம்மா."

"கேக்கேன். முதல்ல சாமானைச் சரி பண்ணிட்டுக் கேக்கேன்."

வெயிலில் வளைந்தது வெயிலில்தான் நிமிரும் என்று எனக்குப் பட்டது. கல்யாணப் படத்தின் கண்ணாடியையும் அலமாரிக் கண்ணாடியையும் கழற்றினேன். நடுவில் தட்டை வைத்து இளவெயில் காட்டி, சூடு ஏறியதும் உள்ளே கொண்டுவந்து மேலே அரிசி மூட்டையை ஏற்றினேன். மூன்று நாள் இதே வேலை. மருமகன் பார்த்தும் பாராததுபோலப் போனார்.

வெள்ளிக்கிழமை நானே தட்டை எடுத்து நீட்டினேன். வாங்கிச் சுழலவிட்டார். முள் ஏறி இறங்கியது. பாட்டு தள்ளாடியது, ஆனால் நிற்கவில்லை. ஒரு பக்கம் முடியும்வரை அசையாமல் கேட்டார்.

"மாமி, ஆளுக்குக் கொஞ்சம் ஜலதோஷம் போல."

"கசாயம் வச்சுக் குடுக்கட்டா?"

சிரித்துவிட்டார். அப்போதுதான் சொன்னேன்: "தப்பு என்மேலதான் மருமவனே. மனசுல வைக்காதிய."

மறுநாள் காலையில் என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கஃபீலைப் பார்க்கப் போனார். மகளின் பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருந்தேன். பிறந்த பிள்ளையை முதலில் வாங்கியது என் கைதான்.

அந்தப் பிள்ளை இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் பறக்கும், தமிழ் நடக்கும்.

"ஏ பிள்ள, இதைச் சத்தமா வாசி. பிழை இருந்தா சிரிச்சுக்கோ. நிறுத்தாம வாசி."