இறங்கியதும் ஒரு போன்

விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாதவனுக்கு ‘டவர்’ என்று பட்டப்பெயர் வைத்தது வேன் டிரைவரின் குசும்பு.

ஹோட்டலுக்குப் பின்னால், கடலை ஒட்டி, ஒற்றைத் தார்ப்பட்டையாக ஓர் ஓடுதளம் கிடந்தது. சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் வந்து இறங்குகிற இடம். கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டக் கம்பத்தில் ஓர் ஆரஞ்சு நிறத் துணிக்குழாய் தொங்கும், அவ்வளவுதான். வருகிறவர்கள் தாங்களாகப் பார்த்து இறங்கி, தாங்களாகப் பார்த்து ஏற வேண்டும். அப்படிக் கிளம்புகிறவர்களிடமெல்லாம் வரவேற்பு மேசைக்காரன் ஒன்று கேட்பான்.

“எத்தனை மணிக்குப் போய் இறங்குவீங்க சார்? இறங்கினதும் இங்க ஒரு போன் பண்ணிடுங்க.”

யாரும் அவனை அப்படிக் கேட்கச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விமானி, “நான் சொன்ன நேரத்துக்குள்ள போன் வரலைன்னா யாருக்காவது சொல்லுங்க தம்பி, எனக்கு வேற ஆள் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். போன் வந்தது. அந்த ஒரு நிமிடம் அவனுக்கு என்னவோ செய்தது. அன்றிலிருந்து எல்லாரிடமும் கேட்க ஆரம்பித்துவிட்டான். போனவரின் அறைச் சாவியைக் கொக்கியில் மாட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். போன் வந்த பிறகுதான் சாவி கொக்கிக்குப் போகும்.

ஹோட்டல் முதலாளிக்கு விமானப் பைத்தியம். வரவேற்பறைத் தரையில் ஓடுதளம் மாதிரி வெள்ளைக் கோடுகள். சாப்பாட்டு அறையில் பழைய விமானத்திலிருந்து கழற்றிய இருக்கைகள். உட்காருகிறவர்களின் கை தன்னால் பெல்ட்டைத் தேடும். ஜன்னல்கள் எல்லாம் முட்டை வடிவம். எந்தத் திரைச்சீலையும் அவற்றுக்குப் பொருந்தாது என்பதால் வெயில் ஓரம் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கோடையில்தான் கூட்டம். சிமென்ட் வியாபாரம் செய்யும் அண்ணன் தம்பி வருவார்கள், வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும் கணவன் மனைவி வருவார்கள். வெயிலில் நின்ற விமானத்தின் கதவைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டு, ஈரத் துண்டு கேட்டு மேசைக்கு ஓடி வருவார்கள். போகும்போது “கண்டிப்பா பண்றேன் டவர்” என்பார்கள். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். மீதிப் பேர் செய்தியில் ஒரு கட்டைவிரலை அனுப்புவார்கள்.

அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். புவியியல் பட்டம். அம்மா தம்பி வீட்டில் இருந்தாள். அக்கம்பக்கத்தில், “பெரியவன் ஏரோப்ளேன் கம்பெனியில இருக்கான்” என்று சொல்லி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டால், “சாப்டியா? உடம்பு நல்லாருக்கா? சரி, தம்பிகிட்ட குடுக்கறேன்” என்பாள். தம்பி, “வேற என்னண்ணே?” என்பான். வேறு என்ன என்று அவனுக்கும் தெரியாது. கல்லூரிக்குப் போனதிலிருந்து வீட்டில் அவனிடம் எதைப் பேசுவது என்ற தயக்கம் ஒன்று வந்துவிட்டது. படித்தவன், அவனுக்கே எல்லாம் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். ஹோட்டலுக்கு வருகிறவர்களுக்கோ அவன் சாவி எடுத்துக் கொடுப்பவன். இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை, பேச்சுத்தான் இல்லை. சலவை அறைக்கு மேலே இருந்த அவனுடைய அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. நாற்காலியில் சட்டைகள்தான் உட்கார்ந்திருந்தன.

ஒழுங்காகப் போன் செய்தவர் ஒரே ஒருத்தர், பல் டாக்டர். அறுபதைத் தாண்டியவர், மனைவி இறந்து நாலைந்து வருடம். கோடையில் வாரம் தவறாமல் தனியாகப் பறந்து வருவார், கடலில் குளிப்பார், மறுநாள் காலை வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுவார். காற்று சூடானால் மெலிந்துவிடும், இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது என்பார். “சூடான காத்தும் ஆடற பல்லும் ஒண்ணுதான். ரெண்டையும் நம்பிக் கடிக்கக் கூடாது.”

கடற்கரை ஓரமாகவே பறந்து அவர் ஊர்த் தளத்தில் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். உடனே போன் வரும்.

“டவர், இறங்கிட்டேன். காத்து பக்கவாட்டுல ஒரு உதை விட்டுச்சு. சமாளிச்சுட்டேன்.”

“சரிங்க டாக்டர்.”

“வீட்டுக்குப் போய்த் துணி துவைக்கணும். நீங்க சாப்டாச்சா?”

இரண்டு நிமிடப் பேச்சு. அந்த வாரத்தில் அவனைக் கேட்டு வருகிற போன் அது ஒன்றுதான். டாக்டருக்கு வெளிநாட்டில் ஒரு மகள் இருப்பது அவனுக்குத் தெரியும். “அம்மா போனதே போதும். நீங்களும் அந்தத் தகர டப்பாவுல ஏறித்தான் போவேன்னா எனக்குப் போன் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டாளாம். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

அந்தக் கோடையில் ஒரு நாள் காலை, வழக்கம்போல டாக்டர் பையோடு சீக்கிரமே இறங்கி வந்தார். மேசையில் வேறு யாரும் இல்லை.

“ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க டாக்டர்” என்றான்.

குடித்தார். தன்னிடம் வந்த நோயாளி ஒருவர் கழற்றிய பல்லை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அடம்பிடித்த கதையைச் சொன்னார். அவன் சிரித்தான். கதை முடிகிற நேரத்தில் அவர் கை பையின் மேல் போவதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, “இன்னொரு டீ சொல்லட்டுமா? இப்பதான் புதுப் பால் வந்திருக்கு” என்றான்.

டாக்டர் வெளியே பார்த்தார். அவன் முகத்தையும் பார்த்தார். “சரி, சொல்லுங்க.”

இரண்டாவது டீ முடிந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. வேன் டிரைவர் அவரை ஓடுதளத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து தொப்பியால் விசிறிக்கொண்டான்.

“என்ன டவர், உங்க டாக்டர் இன்னிக்கு உசுரை வாங்கிட்டாரு! பாதை முடியற வரைக்கும் ஓடுது, ஓடுது, மேல ஏறவே இல்ல. கடைசியில புதரை உரசிக்கிட்டுத்தான் போச்சு.”

“ஏறிடுச்சுல்ல?”

“ஏறிச்சு ஏறிச்சு. கடல் பக்கம் தாழவே போச்சு.”

அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. போன் இல்லை. விமானத்தை நிறுத்திக்கொண்டிருக்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டான். சிமென்ட் தம்பி வந்து ஏசி ஓடவில்லை என்று கத்தினார், ஆள் அனுப்பினான். டாக்டரின் கைப்பேசிக்கு அடித்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பறக்கும்போது அணைத்துவிடுவார், அது தெரியும். இறங்கியதும் போட்டுவிடுவார் என்பதும் தெரியும். டாக்டர் ஊர்த் தளத்தில் பெட்ரோல் போடுகிறவரின் எண் அவனிடம் இருந்தது. அதற்குத் திரும்பத் திரும்ப அடித்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னான்.

“மறுபடியுமா?” என்றார் மேனேஜர். “போன வருஷம் அந்த அண்ணன் தம்பியைக் காணோம்னு ஊரைக் கூட்டினியே, அவங்க வீட்ல குறட்டை விட்டுக்கிட்டு இருந்தாங்க. ஞாபகம் இருக்கா?”

“அவங்க மறக்கறவங்க சார். இவர் மறக்க மாட்டார்.”

“பொறு. வெயில் தாழட்டும்.”

பொறுக்க முடியவில்லை. புதரை உரசிக்கொண்டு போன விமானம் கண்ணுக்குள்ளேயே நின்றது. சீக்கிரம் கிளம்பியிருந்தால் குளிர்ந்த காற்றில் ஜம்மென்று ஏறியிருப்பார். அவரைப் பிடித்து உட்கார வைத்தது யார்? புதுப் பாலாம், புதுப் பால்! தன் முகத்தைப் பார்த்துத்தான் அந்த மனுஷன் சரி என்றார். பேச்சுக்கு வேறு ஆள் கிடைக்காத தன் வாய்க்குத் தீனி போட ஓர் உயிரைக் கொண்டுபோய்க் கடலில் தள்ளிவிட்டோமோ? மேனேஜர் அறைக் கதவு மூடியிருந்தது. கடல் மீட்புப் படையின் எண்ணை அழுத்தினான்.

“நீங்க யாரு? அவருக்குச் சொந்தமா?” என்று மறுமுனையில் கேட்டார்கள்.

“இல்லீங்க. ஹோட்டல்.”

“வீட்ல யாருக்காவது சொன்னீங்களா?”

“வீட்ல யாரும் இல்ல. அவர் எனக்குத்தான் சொல்லுவார்.”

“கடைசியாப் பார்த்துப் பேசினது யாரு?”

“நான்தான்” என்றான்.

படகு புறப்பட்டது. முட்டை வடிவ ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாடி சுட்டது. கடல் வெள்ளித் தகடு மாதிரி கண்ணைக் குத்தியது. படகு எங்கே, அலை எங்கே என்று தெரியவில்லை. வேன் டிரைவர் பக்கத்தில் வந்து நின்றான். அன்றைக்கு அவன் வாயிலும் கிண்டல் வரவில்லை.

வெகுநேரம் கழித்து மேசைப் போன் அடித்தது. பெட்ரோல்காரர்.

“யாருங்க இத்தனை தடவை அடிச்சது? வெயிலுக்கு ஷட்டரை இறக்கிட்டுக் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்.”

“பல் டாக்டர்… டாக்டர் வந்துட்டாரா?”

“அவரா? காலையிலயே வந்துட்டாரே! வண்டி ஷெட்ல நிக்குது. அவர் பொண்ணு வெளிநாட்லேருந்து வந்து இங்க கேட்லயே காத்துக்கிட்டு இருந்துச்சுங்க. இவர் இறங்கினதும் ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு ஒரே அழுகை. அப்புறம் கார்ல போயிட்டாங்க.”

“சரிங்க” என்றான். “ரொம்ப நன்றிங்க.”

நாற்காலியில் உட்கார்ந்தான். இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. அந்தச் சந்தோஷத்தின் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று வந்து நின்றது. அதன் முகத்தைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து மீட்புப் படைக்குப் போன் செய்து, படகைத் திரும்பச் சொன்னான். அவர்கள் கேட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டான். சாவியைக் கொக்கியில் மாட்டினான்.

“இனிமே இந்த டவர் வேலையெல்லாம் வேணாம்” என்றார் மேனேஜர். “சாவி குடு, சாவி வாங்கு. அதோட நிறுத்திக்கோ.”

“பார்த்து டவர்” என்றான் வேன் டிரைவர், வாய் திரும்பிவிட்ட நிம்மதியில். “நான் டீக்கடைக்குப் போயி லேட் ஆனாக்கூட ஹெலிகாப்டர் அனுப்பிடுவீங்க போல.”

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டார். “டவர், மன்னிச்சுக்கணும். அவளைப் பார்த்ததும் உலகமே மறந்துபோச்சு. கைப்பேசியைப் போடணும்னுகூடத் தோணலை.”

“பரவாயில்லீங்க டாக்டர். இறங்கிட்டீங்கல்ல, அது போதும்.”

அவன் சாப்பிட்டாச்சா என்று டாக்டர் அன்று கேட்கவில்லை. பின்னால் ஒரு பெண் குரல், “அப்பா, ஆறிடப் போகுது, வாங்க” என்றது.

அடுத்த வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். முப்பது வயதிருக்கும். தகர டப்பா என்று தான் திட்டிய விமானத்திலிருந்து இறங்கி, முகமெல்லாம் சிவந்து, வெள்ளைக் கோடுகளின் மேல் நடந்து மேசைக்கு வந்தாள்.

“இவர்தாம்மா டவர்” என்றார் டாக்டர்.

“அப்பா எல்லாம் சொன்னார். நான் பண்ண வேண்டியதை நீங்க பண்ணியிருக்கீங்க” என்றாள். “நான் இங்கேயே வந்துட்டேன் சார். இனிமே அப்பா எங்க இறங்கினாலும் எனக்கே போன் பண்ணிடுவார். உங்களுக்கு எதுக்கு வீணா சிரமம்?”

சிரமமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். எப்படிச் சொன்னாலும் கெஞ்சுவது போலக் கேட்கும் என்று தோன்றியது.

“அதுதாங்க முறை” என்றான்.

மறுநாள் வெயில் ஏறுமுன் இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். டீ வேண்டுமா என்று அவன் கேட்கவில்லை. டாக்டர் மேசைக்கு இந்தப் பக்கம் கையை நீட்டி அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். விமானம் பாதி ஓடுதளத்திலேயே எழும்பியது. நல்ல காற்று. அவன் சாவியை நேராகக் கொக்கியில் மாட்டினான்.

அவர்கள் இறங்குகிற நேரம் வந்தபோது மேசையில் வேலை ஒன்றுமில்லை. பேனா மூடிகளைச் சரிசெய்தான். போனைப் பார்த்தான். அது சும்மா இருந்தது. சும்மா இருப்பதுதான் நியாயம். மகள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது டாக்டர் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? இன்னும் கொஞ்ச நேரம் போனது. மேனேஜர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, பெட்ரோல்காரரின் எண்ணை அழுத்தினான்.

“பல் டாக்டர் வந்து இறங்கிட்டாருங்களா?”

“இப்பதான் இறங்கினாங்க, அப்பாவும் பொண்ணும். யாரு பேசறது?”

“ஹோட்டல்லேருந்து.”

“ஓ, அன்னிக்குப் படகு விட்டவரா!” பெட்ரோல்காரர் சிரித்தார். “என்ன விஷயம்? எதையாவது அங்க விட்டுட்டு வந்துட்டாரா? இருங்க, கார் இன்னும் கிளம்பலை. கூப்பிடட்டுமா?”

“வேணாங்க, கூப்பிடாதீங்க” என்றான் அவசரமாக. “எதையும் விட்டுட்டுப் போகலை. இறங்கியாச்சான்னு கேட்கத்தான்.”

“இறங்கியாச்சு, இறங்கியாச்சு” என்றார் பெட்ரோல்காரர். “வேற?”