எங்கள் கணக்கில் வந்த புதுப் புத்தகம்

நான் புளியங்கூடலில் மாமியோடு இருக்கிறேன். மாமியின் மகன், என் கணவர், ஜேர்மனியில். அவரிடம் போய்ச் சேர நான் ஜேர்மன் மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். வகுப்புக்கு யாழ்ப்பாணம் போய்வருவேன். மற்ற நேரத்தில், அவர் தன் கணக்கில் வாங்கும் ஜேர்மன் சிறுவர் கதை மின்னூல்களைச் சத்தமாக வாசிப்பேன். அவர் அங்கே வாங்கினால் என் போனிலும் திறக்கும்; அங்கே வரிகளுக்கு மஞ்சள் பூசினால் இங்கும் தெரியும். ஒவ்வொன்றையும் வாசித்து முடித்த நாளைக் கலண்டரில் குறித்து வைப்பது என் பழக்கம்.

ஆவணியில், நல்லூர்த் தேருக்கு மறுநாள் காலை, நான் கேட்காத புத்தகம் ஒன்று வந்திருந்தது. ஜேர்மன்காரர் தமிழ் பழகுவதற்கான புத்தகம். தவறுதலாக வாங்கிவிட்டார் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். உள்ளே சில வசனங்களுக்கு மஞ்சள் பூசியிருந்தது. 'மாமி, சுகமா இருக்கிறீங்களா?' 'நான் உங்கள் மருமகள்.' பக்கத்தில் அவற்றின் பொருள் ஜேர்மனில் இருந்தது.

அவருக்குத் தமிழ் தெரியும். பழகுவது வேறொருத்தி.

மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, இண்டைக்குச் சத்தத்தைக் காணேல்லை. சோதினைக்குப் பயந்திட்டீரோ?"

"இல்லை மாமி, படிக்கிறன்."

"அவன் புதுசா ஏதும் அனுப்பினவனே?"

"ஓம் மாமி."

"என்ன எழுதியிருக்கு?"

"மாமி, சுகமா இருக்கிறியளோ எண்டு கேக்குது."

"பார், அங்கையும் மாமியை விடேல்லை. சுகமெண்டு சொல்லும்," என்று சிரித்துவிட்டுப் பிட்டு அவிக்கப் போனார்.

அதைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தேன். அகராதி பார்க்காமல் நான் வாசித்து முடித்த முதல் ஜேர்மன் புத்தகம் அதுதான். கலண்டரில் அந்த நாளை மட்டும் இன்னும் குறிக்கவில்லை.