இரண்டாவது கார்டும் இரண்டாவது எஞ்சினும்

அண்ணா தோப்பூரில் ஒருவரிடம் பழைய கிராஃபிக்ஸ் கார்ட் ஒன்றை வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். அவருடைய கணினியில் ஏற்கெனவே இருந்ததும் அதே வகைதான். இரண்டையும் சேர்த்துப் பூட்டித் தரச் சொன்னார். சனிக்கிழமை அவருடைய அணிக்கு இணையத்தில் போட்டி. போன போட்டியில் நடுவிலே அவருடைய திரை கறுத்துப்போனது. மற்ற நால்வரும் அவரில்லாமல் விளையாடித் தோற்றார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளை எடுப்போம் என்று அணித்தலைவன் சொல்லிவிட்டான்.

நான் கணினிப் பொறியியல் படித்தவள். வேண்டாம் என்பதற்கான காரணங்களை வரிசையாகச் சொன்னேன். எல்லா விளையாட்டும் இரண்டு கார்டைப் பயன்படுத்தாது. நினைவகம் இரட்டிப்பாகாது, ஒரே தரவை இரண்டும் தனித்தனியே வைத்திருக்கும். மின்சாரம் கூடுதலாக இழுக்கும். சூடு ஏறும்.

"கதை காணும், எஞ்சினியர் அம்மா. பூட்டிப் பாரன்."

பூட்டினேன். அவருடையது பழைய விளையாட்டு என்பதால் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. விநாடிக்கு எத்தனை படம் என்று திரையின் மூலையில் காட்டும் எண் ஏறியது.

"பாத்தியா?"

"எண்ணைப் பாக்காதேங்கோ. ஓடுற ஆளைப் பாருங்கோ."

ஓடுகிறவன் விக்கி விக்கி ஓடினான். இரண்டு கார்டும் படங்களை மாறி மாறி வரைந்தன. ஒன்று முந்தியது, மற்றது பிந்தியது. மேல் கார்டின் விசிறிகள் கீழ் கார்டின் முதுகை ஒட்டியிருந்ததால் காற்று இழுக்க இடமில்லை. யன்னலால் வந்த துறைமுகக் காற்றும் சூடாகத்தான் இருந்தது.

"கழட்டப் போறன்" என்றேன்.

"விக்கினா விக்கட்டும். எனக்கு வேகம் வேண்டாம்."

"பிறகு என்னத்துக்கு ரெண்டு?"

அண்ணாவின் தொழில் படகு எஞ்சின் திருத்துவது. எனக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தார்.

"ஆழக்கடலுக்குப் போறவன் ஏன் ரெண்டு எஞ்சின் பூட்டுறான்? ரேஸ் ஓடவா? ஒண்டு நிண்டாலும் மற்றது கரைக்குக் கொண்டு வரும்."

அதுவரை நான் வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அண்ணா, இதில ஒண்டு நிண்டா ரெண்டும் நிண்ட மாதிரித்தான்."

அவர் நம்பவில்லை. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மென்பொருள் வழியாகக் கீழ் கார்டை நிறுத்தினேன். விளையாட்டு அப்படியே மூடிக்கொண்டது. அண்ணா கதிரையில் சாய்ந்தார்.

"இதை நம்பிக் கடலுக்குப் போனா வீடு வந்து சேர ஏலாது."

இரண்டையும் கழற்றினேன். அண்ணாவின் கணினியில் முதலிலிருந்தே இருந்த கார்டின் உலோக ஓரத்தில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. திரை கறுத்ததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது. தோப்பூர்க் கார்டைத் துடைத்து, அதை மட்டும் பூட்டினேன். வெள்ளி முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை.

சனிக்கிழமை திரை கறுக்கவில்லை. இரண்டாம் சுற்றில் அணி தோற்றது. முதலில் சுடப்பட்டு வெளியே போனவர் அண்ணா. நான் பக்கத்தில் இருந்தேன். ஒலிபெருக்கியில் அணித்தலைவன் கத்தினான்.

"மச்சான், சுவருக்கா சுடுறாய்? கண் தெரியேல்லையா?"

கணினியைப் பற்றி ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து அதே குரல், திங்கட்கிழமை பயிற்சிக்கு ஐந்து பேரும் வர வேண்டும் என்றது.

"ஓம்" என்றார் அண்ணா.