ஐம்பது பக்கத்துக்குக் கீழே

நாட்டில் ஒரு வருஷத்தில் என்னென்ன புத்தகம் வந்தது என்று யாராவது கேட்டால், பதில் ஒரே ஒரு மனிதரிடம்தான் இருந்தது. தேசிய நூலகத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். அச்சடித்தது எதுவானாலும் சட்டப்படி இரண்டு பிரதி அவர் மேஜைக்கு வந்தாக வேண்டும். ஒவ்வொரு புத்தகத்தின் விவரத்தையும் ஒரு அட்டையில் எழுதுவார். வருஷக் கடைசியில் அட்டைகளெல்லாம் சேர்ந்து ஒரு தடித்த நூற்பட்டியலாக அச்சாகும். அதில் இல்லாத எழுத்தாளர் அந்த வருஷம் எழுதவே இல்லை என்று அர்த்தம்.

இடம் பிடிக்க ஒரு விதி உண்டு. ஐம்பது பக்கமாவது இருக்க வேண்டும். குறைந்தால் அது சிறுநூல். கட்டாகக் கட்டிக் கீழே கிடங்குக்கு அனுப்பிவிடுவார். இதில் மனிதர் மசியவே மாட்டார். கவிஞர்கள் கெஞ்சினார்கள், கத்தினார்கள்; ஒருவர் மேஜைமேலேயே ஏறிப் படுத்துக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. அலுவலகத்தில் அவருக்கு 'அம்பது சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நல்லவர்தான். ஆனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் திறக்கிற ஆளை என்னவென்று சொல்வது?

அந்த வருஷம் பட்டியல் அச்சுக்குப் போக மூன்று வாரம் இருந்தது. காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, தையல் வேலை செய்யும் அவர் மனைவி ஒரு மெல்லிய கவிதைப் புத்தகத்தை நீட்டினாள். எழுதியவர் என்று அவள் பெயர் போட்டிருந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் எழுதுவாள் என்பதே அவருக்குத் தெரியாது. அப்போதும் அந்தப் பாழாய்ப்போன கட்டைவிரல் கடைசிப் பக்கத்துக்குத்தான் ஓடியது.

"நாப்பத்தி நாலு" என்றார்.

மனைவியின் புத்தகத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவள் முகம் சுருங்கிப்போனது.

"இன்னும் ஆறே ஆறு பக்கம் எழுதிடேன்மா. அச்சகத்துல நான் பேசறேன். உன் பேரு லிஸ்ட்ல வந்துரும்."

"என் பேரு வரணும்னா எழுதினேன்? பாப்பா பேரு வரணும். அட்டையைப் பாருங்க."

பார்த்தார். தலைப்பே குழந்தையின் பெயர்தான்.

"அவ நம்மகிட்ட இருந்தது நாப்பத்தி நாலு நாள். நாளுக்கு ஒரு பக்கம் எழுதினேன். நாப்பத்தஞ்சாவது நாளைப் பத்தி நான் என்னத்த எழுதட்டும், சொல்லுங்க?"

அவர் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று அலுவலகத்தில் வேறு வேலை ஓடவில்லை. முதல் பக்கத்திலிருந்து படித்தார். குழந்தை எந்த நாளில் தும்மியது, எந்த நாளில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் தூங்கியது, எல்லாம் இருந்தது. சத்தமில்லாமல் ஒரு அட்டை எழுதிச் செருகிவிடலாம். அவரைக் கேட்பார் யாருமில்லை. ஆனால் கை வரவில்லை. தன் வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா? நேரே நூலகர் அம்மாவின் அறைக்குப் போனார்.

"மேடம், இந்த வருஷம் சிறுநூல்களையும் சேர்க்கணும். எல்லாத்தையும்."

"எத்தனை இருக்கு?"

"முன்னூத்திப் பன்னெண்டு."

"மூணு வாரத்துல யாரு சார் எழுதுவா?"

"நான்தான்."

"அம்பது சாரா பேசறது?" என்று அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். காரணத்தைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் அவர் கிடங்கே கதி என்று கிடந்தார். கட்டுகளைப் பிரித்து ஒன்று விடாமல் எழுதினார். எவ்வளவு நல்ல எழுத்தையெல்லாம் இத்தனை வருஷம் இங்கே தள்ளினோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

பட்டியல் வந்த அன்று வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி மடியில் வைத்தார். அவள் கவிதைப் பகுதியை மேலிருந்து கீழாக இரண்டு தடவை தேடினாள்.

"சேர்த்துட்டேன்னு சொன்னீங்களே?"

அவர் பக்கங்களைத் தள்ளிக் காட்டினார். வாழ்க்கை வரலாறு என்ற தலைப்பின் கீழே, ஒரு தளபதிக்கும் ஒரு விஞ்ஞானிக்கும் நடுவில், குழந்தையின் பெயர் இருந்தது.

"கவிதையிலதானே போட்டிருக்கணும்?"

"இல்லம்மா. பொறந்ததுலேருந்து கடைசி வரைக்கும் ஒரு நாள் விடாம எழுதியிருக்க. எங்க பிரிவுல இதுக்குப் பேரு அதுதான்."

சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது.