காக்கிச் சட்டையில் ஓடி வந்தவர்

2003-ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்து வந்த முதல் ஞாயிறு. வடசென்னையின் பழைய ஆலைகளை நடந்தே பார்ப்பதற்காகக் காலையில் ராயபுரத்தில் புறப்பட்ட எங்கள் சிறு குழு, வெயில் ஏறும்போது திருவொற்றியூர் வந்து சேர்ந்தது. எந்த ஆலை எப்போது தொடங்கியது, எப்போது மூடியது என்று குறித்து வைப்பது என் பழக்கம். அதனால் விளக்கிச் சொல்லும் பொறுப்பு என்னுடையது.

மூடிப் பல வருடங்களான ஓர் இரும்பு வார்ப்பாலைக்குள் போக முன்பே அனுமதி வாங்கியிருந்தோம். காவலாளி பெரிய கதவைத் தள்ளித் திறந்ததும் எதிர்த்தெருவில் சிலர் எழுந்து நின்று பார்த்தார்கள். தொப்பியும் கேமராவுமாக வந்தால் யாரும் பார்க்கத்தானே செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உலைக்கூடத்தில் பாதிக் கூரை இல்லை. தரையில் எருக்கஞ்செடி. நான் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். அப்போதுதான் சவரம் செய்த முகம், தாடையில் ரத்தக் கீறல். பெட்டியிலிருந்து எடுத்த காக்கிச் சட்டை மடிப்புக் கலையாமல் உடம்பில் தொளதொளத்தது.

"லேட்டாயிருச்சு சார். பேரு எழுதிக்கினீங்களா?"

"எதற்குப் பேர்?" என்றேன்.

"கம்பெனி தொறக்கறீங்கோல்ல? மோல்டிங்ல இருந்தவன் சார் நானு. இப்ப வுட்டாலும் அச்சு போடுவேன்."

நாங்கள் சும்மா பார்க்க வந்தவர்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"இங்க இன்னா கீது பாக்க?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். எங்களில் ஒருவர் கேமராவைப் பைக்குள் வைத்தார்.

அங்கிருந்த கல்மேடையில் உட்கார்ந்துவிட்டார். "தெரு பூரா சொல்லிக்கினே வந்தேன் சார். இந்தச் சட்டையோட இப்ப எப்டி திரும்பிப் போறது?"

குழுவை அங்கேயே விட்டுவிட்டு அவருடன் நடந்தேன். டீக்கடையில் ஒருவர், "இன்னா மாமு, ட்யூட்டி எப்போ? ஸ்வீட்டு எங்க?" என்றார். இவர் தலை நிமிரவில்லை. ஆலை திறக்கவில்லை, எங்கள் கூட்டத்தைப் பார்த்து இவர் அப்படி நினைத்துவிட்டார் என்று நானே சொன்னேன். கேட்டவரும் அங்கே வேலை பார்த்தவராம். அவர் முகத்தில் இருந்த சிரிப்பும் போயிற்று. தன் டீயை இவர் பக்கம் நகர்த்தினார்.

இவர் வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"மூணாவது தபா சார். ஷூட்டிங்குக்கு வந்தாங்கோ, ஓடுனாரு. நெலம் அளக்க வந்தாங்கோ, அப்பவும் ஓடுனாரு."

"நீங்கள் தடுத்திருக்கலாமே அம்மா?"

"எப்டி சார் தடுக்கறது? ஒருவேள நெசமா இருந்துட்டா?"

சொல்லிக்கொண்டே, அவர் கழற்றிக் கொடுத்த சட்டையைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

அதன் பிறகும் அந்த ஆலைக்குப் பலரை அழைத்துப் போயிருக்கிறேன். முந்தைய நாளே அந்தத் தெருவுக்குப் போய், பார்ப்பதற்கு மட்டும்தான் வருகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். கேட்டுத் தலையாட்டுபவர்களில் யாராவது ஒருவர், "நெசமாவே தொறக்கலியா?" என்று இன்னொரு முறை கேட்பார். இல்லை என்று சொல்லத்தான் எனக்கு இன்னும் பழகவில்லை.